கறுப்பு பீரும் கார்டைட் ஊரும்

குளிர் ஊர்களில் இட்லி மாவு ஏன் பொங்க மறுக்கிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மாவுப் பாத்திரத்தை எந்த மூலையில் வைக்கலாம் என்ற ரகசியங்கள். அரிசி டிரம்முக்குள் வைக்கிறவர்கள் உண்டு, கம்பளி போர்த்துகிறவர்கள் உண்டு. ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி.

எழுதியவர் அருவங்காட்டில் வசிக்கும் ஒரு வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்பதால், மாதத்தில் பாதி நாள் ஊரில்தான். போன முறை வந்தபோது 20 லிட்டர் பிடிக்கும் மூடி போட்ட வாளி, ஒரு மூட்டை முளைகட்டிய பார்லி, பச்சையாக ஏதோ மாத்திரை மாத்திரையாக ஒரு பாக்கெட் கொண்டு வந்திருக்கிறான். என்னவென்று கேட்டால், "பீர் பண்ணப் போறேம்மா. கறுப்பா, ஸ்ட்ராங்கா, நல்ல கசப்பா" என்றானாம்.

அந்த அம்மா மூன்று கேள்விகள் கேட்கிறார். இது விஷமாகிவிடாதா? போலீஸ் வருமா? இவன் குடிகாரனாகிவிடுவானா?

மூன்றும் நியாயமான கேள்விகள். பதிலைத் தேடப் போனால், அந்தப் பையன் வந்து நிற்கும் ஊருக்கும் அவன் செய்ய நினைக்கும் பானத்துக்கும் உள்ள பழைய உறவும் கூடவே வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பானைக்குள் நடப்பது என்ன?

அம்மா, இதன் முதல் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைதான். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, காயவைத்து, வறுத்து அரைத்து ராகி மால்ட் செய்திருப்பீர்கள். தானியம் முளைவிடும்போது அதற்குள் இருக்கும் என்சைம்கள் விழித்துக்கொள்கின்றன. செடி வளர மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. முளைகட்டிய ராகிக் கஞ்சி சாதாரணக் கஞ்சியைவிட நீர்க்க இருப்பதும், லேசாக இனிப்பதும், குழந்தைக்குச் சுலபமாகச் செரிப்பதும் இதனால்தான்.

பார்லியில் இதையே செய்தால் அது பார்லி மால்ட். அதை உடைத்து, 65 டிகிரி சூட்டில் இருக்கும் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், என்சைம்கள் மாவுச்சத்து முழுவதையும் சர்க்கரையாக மாற்றிவிடும். வடிகட்டினால் பிசுபிசுப்பான இனிப்புத் தண்ணீர் கிடைக்கும். இதுவரை இதில் ஒரு சொட்டு மதுவும் கிடையாது. இதைக் கோதுமை மாவு, பாலோடு சேர்த்து வற்றக் காயவைத்துத் தூளாக்கினால் கிடைப்பதைத்தான் நாம் பாலில் கலக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். ஹார்லிக்ஸ் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, கறுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? காப்பிக்கொட்டைக்கு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான். மொத்த மால்ட்டில் சிறு பங்கை மட்டும் தனியாக எடுத்து, கருகும் தறுவாய் வரை வறுப்பார்கள். நூற்றில் ஐந்து முதல் பத்து பங்கு இருந்தால் போதும், மொத்தப் பானையும் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும். காப்பி, கசப்பு சாக்லேட், கருப்பட்டி போன்ற வாசனைகளும் அதிலிருந்தே. அதனால் கறுப்பாக இருக்கிற பீர் எல்லாம் போதை அதிகமானது என்று நினைக்க வேண்டாம். நிறம் வறுவலைச் சொல்லும். போதையைச் சொல்வது எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதுதான். அதை அளக்க ஒரு கண்ணாடி மிதவை இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்று பார்க்கும் பால்மானியின் உடன்பிறப்பு அது.

அந்தப் பச்சை மாத்திரை ஹாப்ஸ். கொடியில் காய்க்கும் ஒரு பூவை உலர்த்தி, அரைத்து, அழுத்தியது. தாவரவியலில் கஞ்சாச் செடிக்கு இது பங்காளி, ஒரே குடும்பம். ஆனால் பங்காளியின் குணம் இதற்கு இல்லை. பூவுக்குள் மஞ்சள் தூளாக இருக்கும் பிசின்தான் பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிறது. கூடவே சில வகைப் பாக்டீரியாக்களை வளரவிடாமலும் தடுக்கிறது. அது கரைய வேண்டுமானால் ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும்.

இங்கேதான் மலை குறுக்கிடுகிறது. குன்னூர், அருவங்காடு பக்கமெல்லாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். ஹாப்ஸின் கசப்பும் இதே காரணத்தால் மெதுவாகத்தான் இறங்கும். சமவெளிக்காரர்கள் எழுதிய செய்முறையை அப்படியே மலையில் செய்தால் கசப்பு குறையும். பருப்பைப் போல நினைத்துக் குக்கரில் போடலாமா என்றால் அதுவும் கூடாது. ஹாப்ஸ் தூள் பொங்கி வெயிட் வால்வை அடைத்துக்கொண்டால், கதை வேறு பக்கம் போய்விடும்.

கடைசியில் ஈஸ்ட். ஆறவைத்த இனிப்புத் தண்ணீரில் அதைத் தூவினால் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளும். ஆப்பத்துக்குக் கள் விட்ட காலத்தில் அந்த மாவைப் பொங்கவைத்ததும், இன்று பேக்கரியில் பன்னைப் பொங்கவைப்பதும் இதே ஜாதி ஈஸ்ட்தான். பன் அடுப்பில் வேகும்போது ஆல்கஹால் ஆவியாகிவிடுகிறது, பீரில் தங்கிவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இட்லிக்கு எதிரி, பீருக்கு நண்பன்

இட்லி மாவுக்குச் சென்னை வெயில் பிடிக்கும். இந்த வகை பீருக்கான ஈஸ்ட்டுக்குப் பிடித்தது 18 முதல் 20 டிகிரி. 30 டிகிரியைத் தாண்டினால் அது வேகவேகமாகத் தின்று, வேண்டாத வாசனைகளையும் மறுநாள் தலைவலியையும் உண்டாக்கும் பொருட்களைச் சேர்த்துவிடும். குளிர்பதன இயந்திரம் வராத காலத்தில், இந்தியாவின் சமவெளியில் நல்ல பீர் செய்ய முடியாமல் போனது இதனால்தான்.

அதனால் வெள்ளைக்காரர்கள் மலையைத் தேடினார்கள். இமயத்தின் அடிவாரத்தில் கசௌலியில் எட்வர்ட் டையர் என்பவர் பீர் ஆலை நடத்தினார். ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன ஜெனரல் டையருக்கு அவர்தான் அப்பா. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மரீ மலையில் 1860-ல் ஓர் ஆலை தொடங்கியது. அந்த நிறுவனம் ராவல்பிண்டியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் நுவரெலியாவில் 1849-ல் சாமுவேல் பேக்கர் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பியர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். மலையகத் தமிழர்கள் தேயிலை பறிக்கும் அந்தக் குளிர் மலையில் தொடங்கிய பாரம்பரியத்திலிருந்துதான் லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் வருகிறது. எட்டு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். உலகமெங்கும் கறுப்பு பீர் பிரியர்களுக்குத் தெரிந்த பெயர். அந்தப் பையன் செய்ய நினைப்பதற்கு நெருங்கிய சொந்தம்.

நீலகிரியும் அந்த வரிசையில் இருந்தது. வெலிங்டனில் 1850-களில் பட்டாள முகாம் எழுந்தது. முகாம் வந்தால் பின்னாலேயே பீர் ஆலையும் வரும் என்பது அந்தக் காலக் கணக்கு. 1915-ல் தாமஸ் லீஷ்மேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து சிறு பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். அந்த ஐந்தில் நீலகிரியின் பெயரைத் தாங்கிய ஆலையும் ஒன்று. ஐந்தில் மூத்தது 1857-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பிறகு ஏன் மலையிலிருந்து பீர் இறங்கிப்போனது? ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே என்ற பொறியாளர் பீர் ஆலைகளுக்காகக் குளிரூட்டும் இயந்திரத்தை 1870-களில் உருவாக்கினார். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் தாத்தா அதுதான். குளிரையே இயந்திரம் தயாரித்துக் கொடுக்கும்போது, மூட்டை மூட்டையாகப் பார்லியை மலையேற்றிப் பீப்பாய் பீப்பாயாக இறக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. ஆலைகள் பெங்களூரைப் போன்ற நகரங்களில் தங்கிவிட்டன.

கறுப்பு பீருக்கும் நம் கடற்கரைக்கும் இன்னொரு பழைய தொடர்பு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பீரில் வெளிறியது அதிகாரிகளுக்கும் துரைமார்களுக்கும். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்கு வந்தது போர்ட்டர் என்ற கறுப்பு பீர். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நான்கைந்து மாதக் கடல் பயணம். வழியில் கெட்டுப்போகாமல் இருக்க ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டார்கள். கறுப்பும் கசப்பும் கூடிப் பிறந்த பானம், நம் துறைமுகங்களுக்கு வருவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது.

பார்லி மட்டும் நீலகிரிக்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்று நினைத்துவிடக் கூடாது. படகர்கள் அதைக் கஞ்செ என்பார்கள். சாமை, கொரலி, கோதுமையோடு அவர்கள் நிலத்தில் விளைந்த பழைய தானியம் அது. தேயிலையும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பரவியபோது அந்தத் தானியங்கள் ஒதுங்கிவிட்டன. ஹாப்ஸின் கதை வேறு. அந்தக் கொடிக்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். நீலகிரியில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. எவ்வளவு குளிர் இருந்தாலும் ஹாப்ஸுக்கு அது போதாது.

கார்டைட்டுக்குள் ஒரு நொதித்தல்

அருவங்காடு என்றாலே கார்டைட் ஃபேக்டரிதான். மலை ரயிலில் போகிறவர்கள் வெலிங்டனைத் தாண்டியதும் பார்ப்பது அதன் சுற்றுச்சுவரையும் குடியிருப்பையும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிற்சாலை. அந்த ஊரின் பல தலைமுறைகள் அதன் சங்கொலிக்குக் கடிகாரம் திருத்தியவர்கள்.

கார்டைட் என்பது துப்பாக்கி ரவையையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளும் புகையில்லா வெடிமருந்து. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லியோடு கலந்து, கூழாக்கி, கயிறு கயிறாகப் பிழிவார்கள். இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கயிறுக்கு உள்ள சொல்லிலிருந்துதான் கார்டைட் என்ற பெயரே வந்தது.

அந்தக் கூழைக் கரைக்க அசிட்டோன் வேண்டும். நகச்சாயம் அழிக்கப் பயன்படுத்துகிறோமே, அதே அசிட்டோன். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு அது போதவில்லை. மரத்தைச் சூடாக்கி எடுக்கும் பழைய முறையில் கிடைத்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அப்போது மான்செஸ்டரில் வேலை பார்த்த கெய்ம் வெய்ஸ்மான் என்ற வேதியியலாளர் ஒரு வழி சொன்னார். மாவுச்சத்தை ஒரு வகைப் பாக்டீரியாவைக்கொண்டு நொதிக்கவைத்தால் அசிட்டோன் கிடைக்கும். ஆலை கட்ட நேரமில்லை. லண்டனில் ஜின் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு வடிசாலையில்தான் முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். மக்காச்சோளம் தட்டுப்பட்டபோது, 1917-ல் பள்ளிப் பிள்ளைகளைவிட்டுக் காட்டு மரக்கொட்டைகளைப் பொறுக்கவைத்தார்கள். வெய்ஸ்மான் 1949-ல் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதியானார்.

அதாவது, பையன் வாளியில் செய்ய நினைக்கும் வேலையின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் கார்டைட் வரலாற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அந்தத் தொழிற்சாலையிலிருந்து அருவங்காட்டுக்காரர்கள் கற்றுக்கொண்ட இன்னொரு பாடமும் இருக்கிறது. அடைபட்ட இடத்தில் அழுத்தம் கூடினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதற்கு வருகிறேன்.

இது விஷமாகுமா?

அம்மாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் கள்ளச்சாராயம் குடித்து இறந்ததை யார் மறப்பார்கள்? அங்கே கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும். பார்வை போகும், பிறகு உயிர் போகும்.

தமிழில் ஒரு சிக்கல். "சாராயம் காய்ச்சுவது" என்கிறோம், "பீர் காய்ச்சுவது" என்கிறோம், "பால் காய்ச்சுவது" என்றும் சொல்கிறோம். மூன்றும் ஒரே சொல், வேலை வேறு வேறு. சாராயம் காய்ச்சுவது என்றால் புளித்த ஊறலைக் கொதிக்கவைத்து ஆவியைப் பிடித்துக் குளிரவைப்பது. பீரில் அந்த வேலை இல்லை. நொதிப்பதற்கு முன்பு கொதிக்கவைப்பதோடு அடுப்புக்கும் அதற்கும் உறவு முடிந்துவிடும்.

பார்லி நொதிக்கும்போது உருவாகும் மெத்தனால் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. கள்ளச்சாராயச் சாவுகளில் மெத்தனால் தானாக ஊறி வருவதில்லை, பணத்துக்காக யாரோ வெளியிலிருந்து கலக்கிறார்கள். வீட்டில் செய்த பீர் சுத்தமில்லாமல் போனால் புளிக்கும், நாறும், கொட்ட வேண்டியதாகும். கண்ணைப் பறிக்காது. முதல் கேள்விக்கு பதில் இதுதான்.

ஆனால், வேறு ஆபத்துகள் உண்டு. முதலாவது, பாட்டில். பீரை பாட்டிலில் அடைக்கும்போது நுரை வருவதற்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். லிட்டருக்கு எட்டு, பத்து கிராம் சேர்த்தாலே பாட்டிலுக்குள் அழுத்தம் கார் டயர் அளவுக்கு வந்துவிடும். ஸ்ட்ராங்கான பீரில் ஈஸ்ட் பாதியில் களைத்துப் படுத்துக்கொள்வது சகஜம். முடிந்துவிட்டது என்று நினைத்து அடைத்துவிட்டால், பிறகு அது எழுந்து மிச்சச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். லிட்டருக்கு இரண்டரை டீஸ்பூன் சர்க்கரை கூடுதலாக மிஞ்சியிருந்தால் போதும், அழுத்தம் இரட்டிப்பாகும். அலமாரியில் இருக்கும் கண்ணாடி பாட்டில் ஒரு ராத்திரி வெடிக்கும். பக்கத்திலிருக்கும் பாட்டில்களும் சேர்ந்து உடையலாம். வெளிநாடுகளில் இதை பாட்டில் குண்டு என்றே சொல்கிறார்கள். கண்ணைப் பறிக்கக்கூடியது இதுதான்.

இரண்டாவது, வாயு. 20 லிட்டர் ஸ்ட்ராங் பீர் நொதிக்கும்போது 600 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் மலை வீட்டில், சின்ன ஸ்டோர் ரூமில் இதை வைத்துவிட்டு அங்கேயே தூங்குவது கூடாது.

மூன்றாவது, வீட்டில் நாய் இருந்தால் கவனம். ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம். வடிகட்டிய சக்கையை நாய் தின்றால் உடல் சூடு தாறுமாறாக ஏறி இறந்துவிடக்கூடும்.

"பீர்தானே" என்கிறவர்களுக்கு

இந்த வாரத்தில் ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு சதவீத பீர், 650 மில்லி பாட்டில் ஒன்று. அதில் இருக்கும் சுத்த ஆல்கஹால் சுமார் 41 கிராம். 60 மில்லி விஸ்கியில் இருப்பது சுமார் 20 கிராம். அதாவது ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் என்பது இரண்டு லார்ஜ். "நான் ஹாட் தொடுறதில்லை, பீர் மட்டும்தான்" என்று இரண்டு பாட்டிலோடு எழுந்திருக்கும் மாமா, நான்கு லார்ஜ் அடித்துவிட்டு வண்டி எடுக்கிறார்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. புற்றுநோயை உண்டாக்குவது உறுதி செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் மது 1988 முதலே இருக்கிறது. கைவினை பீர், வீட்டு பீர், இயற்கை பீர் என்று எந்தப் பெயர் வைத்தாலும் கல்லீரலுக்கு அது ஆல்கஹால்தான்.

இவன் குடிகாரனாகிவிடுவானா என்ற கேள்விக்குக் கடிதத்தைப் படித்து யாரும் பதில் சொல்லிவிட முடியாது. கவனிக்க வேண்டியது என்ன என்று சொல்லலாம். மிதவையை வைத்து அளந்து, நோட்டில் எழுதி, ஏன் கசப்பு குறைந்தது என்று யோசிக்கிறவனுக்கு ஆர்வம் பானையின் மேல். எப்போது முடியும், எப்போது குடிக்கலாம் என்று மட்டும் கேட்கிறவனுக்கு ஆர்வம் கிளாஸின் மேல். அவன் எந்தப் பக்கம் என்று வீட்டில் இருக்கும் உங்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது வகை என்றால் பீர் வாளியைப் பற்றிப் பேசாதீர்கள், அவனைப் பற்றிப் பேசுங்கள். ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போலீஸ் வருமா?

இதற்கு மட்டும் சுற்றி வளைக்காத பதில். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் செய்வது குற்றம். ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. அரசே டாஸ்மாக் கடை நடத்தினாலும், அடிப்படைச் சட்டம் அதுதான். அதன் பார்வையில் பீரும் மதுவே. விற்பதற்கு இல்லை, வீட்டில் குடிக்கத்தான் என்று சொன்னாலும் விலக்கு கிடையாது. மது தயாரிப்பதற்கென்றே பாத்திரமும் பொருட்களும் வைத்திருப்பதும் குற்றத்தில் சேரும். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டத்தில் தண்டனைகளைக் கடுமையாக்கியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டாம் என்று 1963-ல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் 1978-ல் சட்டம் மாறியது. பையன் யூடியூபில் பார்ப்பது அந்த ஊர்க்காரர்களை. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாம் ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் செய்வதும் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. ஒரு வழக்கு பதிவானால் பாஸ்போர்ட்டிலிருந்து அரசு வேலை வரை எத்தனை இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று, பாதுகாப்புத் தொழிற்சாலை ஊரில் வளர்ந்தவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீடு குவார்ட்டர்ஸாக இருந்தால் சிக்கல் அவனோடு நிற்காது, ஒதுக்கீடு யார் பெயரிலோ அவர் தலையிலும் விழும்.

அதனால் தம்பி, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால்: வேண்டாம். உன் அறிவின் மேலும் கைத்திறனின் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. சட்டம் தெளிவாக இருக்கிறது, அதன் விலையை உன் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கட்ட வேண்டியிருக்கும்.

அப்படியானால் அந்த மூட்டையை என்ன செய்வது?

ஆசையை அடக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கம். ஆனால் இந்த ஆசையில் உருப்படியான ஒன்று இருக்கிறது. மாவுச்சத்து, என்சைம், நுண்ணுயிர், வெப்பநிலை என்று நாலையும் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசை அது. அதற்குச் சட்டப்படியான கதவுகள் உண்டு.

வீட்டிலேயே தொடங்கலாம். அந்த மால்ட்டை ஈஸ்ட் சேர்க்காமல் இனிப்புத் தண்ணீர் வரைக்கும் செய்யுங்கள். அம்மாவின் ராகி மால்ட்டோடு பக்கத்தில் வைத்து இரண்டையும் ருசி பாருங்கள். கறுப்பாக வறுத்த மால்ட்டைப் பொடித்து ரொட்டி மாவில் ஒரு பிடி சேர்த்தால், பேக்கரியில் வாங்க முடியாத வாசனையோடு ரொட்டி வரும். வடிகட்டிய பார்லிச் சக்கையை மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள். ஹாப்ஸ் பாக்கெட்டை மட்டும் வந்த கடைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

நிஜமாகவே இதுதான் பிடித்திருக்கிறது என்றால், இதைத் தொழிலாகப் படிக்கலாம். பெங்களூரில் 2010-க்குப் பிறகு உரிமம் பெற்ற சிறு பீர் ஆலைகள் நிறைய வந்துவிட்டன. அங்கே பானைக்குப் பொறுப்பானவர் நுண்ணுயிரியலோ உணவுத் தொழில்நுட்பமோ தெரிந்தவராக இருக்க வேண்டும். புனேயில் வசந்த்தாதா சர்க்கரை ஆராய்ச்சி நிலையத்தில் ஒயின், பீர், ஆல்கஹால் தொழில்நுட்பத்துக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. வெளிநாடு என்றால் எடின்பரோவில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகமும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இந்தப் படிப்புக்குப் பெயர் பெற்றவை. இந்தத் துறை தெரிந்தவர்கள் பீருக்கு மட்டும் வேலை பார்ப்பதில்லை. இன்சுலின் முதல் தடுப்பூசி வரை எத்தனையோ மருந்துகள் நொதிகலன்களில்தான் உருவாகின்றன. வாளியில் ஈஸ்ட்டை ஒழுங்காக வளர்க்கத் தெரிந்தவனுக்கு அங்கேயும் இடம் உண்டு.

அம்மா, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வாளியைத் தூக்கி எறிவதற்கு முன், அவனை உட்காரவைத்து, இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் ராகி முளைகட்டும் முறையை அவனுக்குச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும், மார்கழிக் குளிரில் முளைவிட எத்தனை நாள் கூடுதலாக ஆகும், எந்த வாசனை வந்தால் கெட்டுவிட்டது என்று தெரியும், இதெல்லாம் அவன் பார்க்கும் வீடியோக்களில் இருக்காது. இந்த வேலையில் அந்த வீட்டிலேயே மூத்த நிபுணர் நீங்கள்தான் என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

(அடுத்த வாரம்: ஊறுகாய்ப் பாட்டிலில் பூஞ்சை வந்தால், மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா?)